அரைச் சாண் கூடுதல் அகலம்

எங்கள் சபை வாலிபர் சங்கச் செயலாளர் போன வாரம் வீட்டுக்கு வந்தார். பள்ளி மைதானத்துக் கூடைப்பந்துத் தளத்துக்கு நீலப் பெயிண்ட் அடித்து, இரண்டு முனையிலும் கண்ணாடிப் பலகை நட்டிருக்கிறார்கள். திறப்பு விழாவுக்கு மலர் போடுகிறார்களாம். அதில் நான் எழுத வேண்டுமாம். "விளையாட்டு, வியாபாரம், விசுவாசம் மூணும் வரணும் அங்கிள். படிக்கிறவங்களுக்கு ஒரு உத்வேகம் வரணும்" என்றார். இந்த மூன்றிலும் நான் எத்தனை தடவை வழுக்கி விழுந்தேன் என்று தெரிந்திருந்தால் கேட்டிருக்கமாட்டார். கேட்டுவிட்டார், எழுதுகிறேன். உத்வேகம் வராவிட்டால் என்னைக் குறை சொல்லக்கூடாது.

என் உயரம் ஆறடி மூன்று அங்குலம். நான் பையனாக இருந்த காலத்து ஆரணியில் அந்த உயரத்துக்கு இரண்டே உபயோகம்தான். டிசம்பர் மாதம் கோயில் வாசலில் நட்சத்திரம் கட்டலாம், மற்ற மாதங்களில் டவுன் பஸ்ஸில் தலையை இடித்துக்கொள்ளலாம். மூன்றாவது உபயோகத்தைக் கண்டுபிடித்தவர் எங்கள் டிரில் மாஸ்டர். பந்தைக் கையில் கொடுத்து, வளையத்தைக் காட்டி, "நீ அதிகமா யோசிக்காத ஜெயசீலா, கைய மட்டும் தூக்கு" என்றார். பன்னிரண்டு வருஷம் அதைத்தான் செய்தேன். பள்ளிக்காகத் தூக்கினேன், கல்லூரிக்காகத் தூக்கினேன், கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு மில்லில் குமாஸ்தா என்று பெயருக்கு நாற்காலி போட்டுக் கொடுத்து அங்கேயும் தூக்கச் சொன்னார்கள்.

என் ஜெபம் பலிக்காமல் போனதற்குக் காரணம் நடுவர்கள்தான் என்று இப்போதும் நம்புகிறேன். ப்ரீ த்ரோ போட ஐந்து நொடிதான் கொடுப்பார்கள். கர்த்தருடைய ஜெபத்தில் இரண்டாவது வரிக்குமேல் நான் போனதே கிடையாது. அரைகுறை ஜெபத்துக்கு அரைகுறையாகத்தான் பந்து விழுந்தது. இருபத்தேழு வயதில், ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தில், பந்துக்காக எம்பிக் குதித்து இறங்கும்போது வலது முழங்கால் உள்ளே திருகிக்கொண்டது. ஓய்வுநாளில் ஆடினால் இப்படித்தான் ஆகும் என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அன்றைக்கு என்னோடு ஆடிய மற்ற ஒன்பது பேரும் சௌக்கியமாக நடந்து வீட்டுக்குப் போனார்கள் என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

மில்லுக்குக் கை தூக்காத குமாஸ்தா தேவைப்படவில்லை. ஊருக்குத் திரும்பி ஏகாம்பரம் முதலாளியிடம் சேர்ந்தேன். அவர் பட்டுப்புடவை வியாபாரி. சுற்றுப்பட்ட ஊர்களில் அவருக்கு நெய்கிறவர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். நெய்து முடித்த புடவையை வியாழக்கிழமைதோறும் கொண்டு வருவார்கள். அவர் பார்த்து எடுத்துக்கொள்வார். என்னை எதற்காக வைத்துக்கொண்டார் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது. மற்றவர்கள் புடவையை விரித்துப் பிடிக்க ஸ்டூல் மேல் ஏற வேண்டும். நான் ஏற வேண்டியதில்லை. இங்கேயும் கை தூக்குகிற வேலைதான்.

அவர் புடவை பார்க்கிற அழகைச் சொல்லியாக வேண்டும். வடக்கு ஜன்னல் ஓரம் பாயில் உட்காருவார். முதலில் கண்ணாடியைக் கழற்றிவிடுவார். மடித்த புடவையின் மேல் புறங்கையை மட்டும் வைத்து மெதுவாக இழுப்பார். உள்ளங்கை காய்த்துப்போன தோல், அதற்குப் பொய் சொல்லத் தெரியும், புறங்கைக்குத் தெரியாது என்பார். நெய்கையில் எங்காவது இழை தளர்ந்திருந்தால் புறங்கை அந்த இடத்தில் நின்றுவிடும். அதற்குப் பிறகுதான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு என்னிடம் கண்ணைக் காட்டுவார். நான் வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடிப்பேன். ஒரு நேரத்துக்கு மூன்று முழம்தான் விரிக்க வேண்டும். அவசரப்பட்டு நான்காவது முழத்தை விரித்தால் முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்.

புடவை நன்றாக இருந்தால் பாராட்ட மாட்டார். மழை ஏன் வரவில்லை, பஸ் ஏன் நேரத்துக்கு வரவில்லை என்று யார் மேலாவது எரிந்து விழுவார். நெய்தவர் முகம் மலர்ந்துவிடும். குறை இருந்தால்தான் ஆபத்து. கண்ணாடியைக் கூட்டுக்குள் வைத்து டப்பென்று மூடி, மிகவும் அன்பாக, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா?" என்று கேட்பார். அந்தக் கேள்வியைக் கேட்டதும் பெரிய பெரிய ஆட்களுக்கெல்லாம் வேர்த்துப்போகும்.

ஆரம்பத்தில் அதைக் குத்தலான பேச்சு என்றே நினைத்தேன். ஒருநாள் ஒருவர் புடவையில் குறுக்கே ஒரு விரல் அகலத்துக்கு நெருக்கம் குறைந்திருந்தது. முதலாளி வழக்கம்போலக் கேட்டார். அவர் சௌக்கியம் என்றார். முதலாளி மறுபடியும் அதையே கேட்டார். அந்த ஆள் தலையைக் குனிந்துகொண்டு, குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல் என்றார். "அப்ப நாலு நாளைக்குத் தறியில ஏறாத, கொயந்தயப் பாரு" என்று சொல்லிப் புடவையை எடுத்து வைத்துக்கொண்டார். வீட்டில் ஒன்று நடக்காமல் துணியில் ஒன்று நடக்காது என்பது அவர் எண்ணம். எனக்கு அதை ஒப்புக்கொள்ள ஒரு வருஷம் பிடித்தது. பந்து பிடித்துத் தடித்த என் கைக்குப் புறங்கை வித்தை படிய இன்னும் இரண்டு வருஷம் ஆனது.

அகலப் புடவை யோசனை எனக்கு வந்தது மைதானத்தில்தான். முட்டி போனாலும் விசில் ஊதலாமே என்று நடுவராகப் போய்க்கொண்டிருந்தேன். வேலூரில் ஒரு பெண்கள் போட்டி முடிந்து பரிசளிப்பு. அதுவரை கால்சட்டையில் புலியாகப் பாய்ந்த பெண்கள் எல்லாம் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு வந்தார்கள். ஒருத்திக்கும் புடவை கணுக்காலைத் தொடவில்லை. ஆறடி உயர கேப்டன், "நாங்க கட்டினா ஏரி உடைஞ்ச ஊர்ல நடக்கற மாதிரி இருக்குது சார்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் வேட்டியும் அப்படித்தான்.

முதலாளியிடம் சொன்னேன். "பொம்பளைங்க இன்னா வளந்துகினே போறாங்களா?" என்று கேலி செய்தார். ஆனாலும் ஒரு தறிக்கு அனுமதி கொடுத்தார். அகலம் கூட்ட வேண்டுமென்றால் தறியில் பாவு நூல் புகுந்து வருகிற சீப்பு முதற்கொண்டு மாற்ற வேண்டும், யாரும் லேசில் சம்மதிக்க மாட்டார்கள். சம்மதித்தவர் கன்னியப்பன். தேவிகாபுரம் போகிற வழியில் ஒரு கிராமம். அவர் நெய்த அரைச் சாண் கூடுதல் அகலப் புடவை வேலூர்ப் பெண்களின் கணுக்காலைத் தொட்டதும் வாய்வார்த்தையாகவே விஷயம் பரவியது. கூடைப்பந்து, வாலிபால், போலீஸ் என்று தமிழ்நாட்டில் இத்தனை உயரமான பெண்கள் இருப்பது எனக்கே ஆச்சரியம். நாலைந்து வருஷத்தில் முதலாளியின் ஆசியோடு தனிக்கடை போட்டேன். என் மனைவி கிரேஸ் ஐந்தடிகூட இல்லை. என் கடைச் சரக்கில் ஒன்றைக்கூட அவளால் இன்றுவரை கட்ட முடியவில்லை என்பது எங்கள் குடும்பத்தின் நிரந்தர வழக்கு.

இனி என் பெரிய சறுக்கலுக்கு வருகிறேன். வியாபாரம் கொஞ்சம் சூடுபிடித்ததும் எனக்குத் தலை கனத்துவிட்டது. ஒரு ஞாயிறு சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து நின்று, கர்த்தர் கிருபையால் என் கடையிலிருந்து குறையுள்ள புடவை ஒன்றுகூட வெளியே போனதில்லை, போகவும் போகாது என்று சபைக்கு முன்னால் சொன்னேன். கூட்டம் முடிந்ததும் போதகர் என்னைக் கூப்பிட்டார். தன் மூத்த மகள் பியூலாவுக்குக் கல்யாணம், அந்தக் குறையில்லாத புடவை ஒன்று வேண்டும் என்றார். பியூலா எங்கள் பள்ளி அணியில் நான் பயிற்சி கொடுத்த பெண். ஐந்தடி பதினோரு அங்குலம். நம் வழக்கப்படி வெள்ளைப் புடவை, வெள்ளிச் சரிகை.

போதகரைப் பற்றியும் சொல்ல வேண்டும். தங்கமான மனிதர், ஆனால் சகுனம், சடங்கு என்றால் பற்றிக்கொண்டு வரும். யாரோ ஒருவர் பத்திரிகையின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவிக் கல்யாணத்துக்கு அழைத்தபோது, மூலை நான்கையும் கத்தரியால் வெட்டி எறிந்துவிட்டுத்தான் படித்தார். கல்யாணத்துக்குப் போனார், சாப்பிட்டார், வாழ்த்தினார். மூலைகளை மட்டும் மன்னிக்கவில்லை.

கன்னியப்பன் மகள் செல்வி அப்போது அவரோடு இருந்தாள். தெள்ளாரில் கட்டிக்கொடுத்து எட்டு மாதத்தில் புருஷன் காய்ச்சலில் போய்விட்டான். இருபத்து மூன்று வயது. பூ இல்லை, பொட்டு இல்லை, விசேஷ வீடுகளுக்கு அழைப்பு இல்லை. அப்பாவுக்குத் தார் சுற்றிக் கொடுப்பாள். தறியில் குறுக்கே ஓடுகிற நாடாவுக்குள் வைக்கிற சின்னக் குழலில் ஊடை நூலைச் சுற்றுவதைத்தான் அங்கே தார் சுற்றுவது என்பார்கள்.

புதன்கிழமை கல்யாணம். சனிக்கிழமை காலையில் புடவை என் கைக்கு வந்தது. புறங்கை எங்கும் நிற்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் மூன்று மூன்று முழமாகத் தூக்கிப் பிடித்தேன். கடைசி மூன்று முழத்தில், இடுப்பில் செருகுகிற முனையிலிருந்து ஒரு சாண் உள்ளே, நாலே நாலு இழை மஞ்சளாக இருந்தது. முகர்ந்து பார்த்தேன். சாயம் இல்லை, மஞ்சளேதான்.

எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அந்த அகலத்தில் வேறு வெள்ளைப் புடவை ஆரணியில் மட்டுமல்ல, எங்கேயும் கிடையாது. மறுநாள் ஆராதனையில் போதகர் என்ன பிரசங்கம் செய்தார் என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் செய்வதில்லை என்பது என் நியமம். இது வியாபாரம் இல்லை, விசாரணைதான் என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு புடவையோடு பஸ் ஏறினேன்.

கன்னியப்பன் நாலு இழையையும் பார்த்தார். "என் தப்புதாங்க மாஸ்டர். கண்ணு செரியா தெரிய மாட்டேங்குது, வேற தாரு கலந்துட்சி" என்றார். முப்பது வருஷமாக நெய்கிறவர், வெள்ளைக்கும் மஞ்சளுக்கும் வித்தியாசம் தெரியவில்லையாம். என் வாயில் என்னை அறியாமல் முதலாளியின் கேள்வி வந்துவிட்டது. வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்று கேட்டேன். உள்ளேயிருந்து செல்வி வந்தாள்.

"அப்பாவக் கேக்காதீங்கண்ணா, நான்தான் போட்டேன்" என்றாள். "ஒரு மாசமா அந்த வெள்ளயப் பாத்துகினேதான் தார் சுத்தினேன். யாரோ ஒரு பொண்ணு இத்தக் கட்டிகினு வாழப் போறா. எனக்கு ஆனது அவுளுக்கு ஆவக்கூடாதுன்னு கொஞ்சம் நூல மஞ்சத் தண்ணியில தோச்சி சுத்திட்டேன். அப்பா பாத்துட்டு ஒண்ணும் சொல்லல."

கன்னியப்பன் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பொடவ திரும்பி வந்துதுன்னா ஊரு இன்னா சொல்லும் மாஸ்டர்? இவ கை பட்டுதான் கல்யாணப் பொடவ கெட்டுதுன்னு சொல்லும். அப்பறம் இந்தப் பொண்ணு தெருவுல தல காட்ட முடியாது" என்றார்.

செல்வி அதற்குள் தறியில் இருந்த கத்தரியை எடுத்து வந்து என்னிடம் நீட்டினாள். அந்த ஒரு சாணை வெட்டிவிடச் சொன்னாள், செருகுகிற முனைதானே, யாருக்கும் தெரியாது என்றாள். அவள் சொன்னது சரி. வெட்டினால் கதை முடிந்தது. சபைக்கு முன்னால் நான் சொன்ன வார்த்தையும் பிழைத்துவிடும். கத்தரியை வாங்கினேன். புடவையை முழங்கால் மேல் போட்டுக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மாதமாக இந்தப் பெண் கண்ணுக்கு எதிரே வெள்ளையைக் கட்டி வைத்தவன் நான். அகலம் சரியாக இருக்கிறதா என்று வாரம் தவறாமல் வந்து அளந்தேன், அவள் முகத்தைப் பார்க்கவில்லை. கத்தரியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் புடவையை மடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

அதற்காகப் பெரிய வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். போதகரிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. திங்கட்கிழமை சாயங்காலம் மைதானத்துக்குப் போனேன். இரண்டு நாளில் கல்யாணத்தை வைத்துக்கொண்டு பியூலா வளையத்தில் பந்து போட்டுக்கொண்டிருந்தாள். ஒன்று விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். பந்தை இடுப்பில் அணைத்துக்கொண்டு கேட்டாள்.

"வெட்டலையே மாஸ்டர்?" என்றாள். வெட்டவில்லை என்றேன். "வெட்டாதீங்க. முகம் தெரியாத ஒருத்தி எனக்காக வேண்டிக்கிட்டிருக்காங்க. அதை வேணாம்னு சொல்ல எனக்கு வாய் வராது. அப்பாகிட்ட நான் சொல்லிக்கறேன்." எப்போது என்று கேட்டேன். கல்யாணம் முடிந்த பிறகு என்று சொல்லிவிட்டு மறுபடியும் பந்தைப் போட்டாள். அது வளையத்துக்குள் போனது. என்னைப்போல ஜெபத்தை இழுத்துக்கொண்டிருக்கிற வழக்கம் அவளுக்கு இல்லை.

கல்யாணத்தன்று பியூலா பீடத்தை நோக்கி நடந்து வந்தபோது புடவை கணுக்காலை மூடித் தரையைத் தொட்டும் தொடாமலும் வந்தது. சபையே பார்த்தது. பியூலாவின் அம்மா, எங்கள் பாஸ்டரம்மா, திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார். நான் பதிலுக்குச் சிரிக்க முயற்சி செய்தேன், அதற்கு என் வாய் ஒத்துழைக்கவில்லை. ஆராதனை முழுக்க அந்த நாலு இழை கூரைக்கு மேலே பிடித்த கொடிபோல எல்லோருக்கும் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றியது.

பியூலா அப்பாவிடம் சொன்னாளா, சொல்லவில்லையா என்று எனக்குத் தெரியவே இல்லை. போதகர் அதன் பிறகும் என்னைப் பார்த்தால் வழக்கம்போல் முட்டி எப்படி இருக்கிறது என்றுதான் கேட்டார். அவர் குரலில் ஏதாவது வித்தியாசம் இருக்கிறதா என்று இரண்டு வருஷம் காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கன்னியப்பன் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் செல்வி, அந்த அக்கா நல்லா இருக்காங்களா என்று கேட்பாள். குழந்தை பிறந்திருக்கிறது என்று நான் போய்ச் சொன்ன அன்று, தார் சுற்றுவதை நிறுத்திவிட்டு எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

பிறகு போதகரின் இரண்டாவது மகள் குளோரிக்குக் கல்யாணம் நிச்சயமானது. அவளும் அக்கா உயரம்தான். போதகர் கடைக்கே வந்தார். வெள்ளைப் புடவை, அதே அகலம் என்றார். புறப்படும்போது விட்டத்தைப் பார்த்துக்கொண்டு, அதே தறியில் நெய்யச் சொல்லு என்றார். எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. இந்தத் தடவை குறை சொல்ல இடமே இருக்கக்கூடாது என்று வாரத்துக்கு இரண்டு நாள் போய் உட்கார்ந்து, ஒவ்வொரு தாராகப் பார்த்து நெய்ய வைத்தேன். பனி மாதிரி சுத்தமான வெள்ளை. நானே எடுத்துக்கொண்டு போய் போதகர் வீட்டு மேஜைமேல் பெருமையாக வைத்தேன்.

பாஸ்டரம்மா முந்தானையைப் பார்க்கவில்லை, சரிகையைப் பார்க்கவில்லை. நேராகச் செருகுகிற முனையைத் தேடி எடுத்து ஒரு சாண் விரித்தார். விரலால் தடவினார். இன்னொரு சாண் விரித்தார். ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பிடித்துப் பார்த்தார். போதகர் பின்னாலேயே போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவரும் குனிந்து பார்த்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பாஸ்டரம்மாவின் முகம் வாடிப்போனது.

"இதுல போடலியாப்பா?" என்று கேட்டார்.

இரண்டு வருஷமாக நான் பயந்து ஒளித்து வைத்திருந்ததை இவர்கள் இப்படித் தேடுகிறார்களே என்று சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. செல்வி இப்போது அந்த வீட்டில் இல்லை என்று சொன்னேன். போன தை மாசம் அவளுக்கு மறுபடியும் கல்யாணம் ஆகிவிட்டது, மாப்பிள்ளைக்குத் தேசூர், நல்ல மாதிரி, நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன் என்றேன்.

பாஸ்டரம்மா புடவையை அப்படியே நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு ஸ்தோத்திரம் சொன்னார். போதகர் மேஜை இழுப்பறையைத் திறந்து ஊசியும் வெள்ளை நூல்கண்டும் எடுத்தார். நூல்கண்டைத் திரும்ப உள்ளே வைத்துவிட்டு ஊசியை மட்டும் ஒரு காகிதத்தில் குத்திச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். நான் பார்த்துக்கொண்டிருப்பதைக் கவனித்துவிட்டார்.

"மஞ்சள் ஒரு செடிதானப்பா. கர்த்தர் மூணாம் நாள் படைச்சதுல அதுவும் சேர்த்திதான்" என்றார். பாஸ்டரம்மாவிடமிருந்து புடவையை வாங்கிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டார். "தேசூருக்கு பஸ் எத்தனை மணிக்கு?"